கார்வெட் சி5 காருக்கு பிரேக் காலிப்பர் கவர் பொருத்துதல்: முழுமையான வழிகாட்டி

1997 முதல் 2004 வரையிலான மாடல்களாக, கென்டக்கி மாநிலத்தின் பவ்லிங் கிரீன் ஆலையில் தயாரிக்கப்பட்ட ஐந்தாம் தலைமுறை செவ்ரலே கார்வெட், அதாவது சி5, இன்றும் அழகு குறையாத கார். ஆனால் அதன் சக்கரங்களின் ஆரக்கால்களுக்கு இடையே எட்டிப் பார்த்தால், பூச்சு இல்லாத காலிப்பர்கள் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை இரு பக்கமும் உராய்வுப் பேடுகளால் அழுத்திக் காரை நிறுத்தும் பிரேக் உறுப்புகள்) சாம்பல் நிறத்தில், ஆண்டுக்கணக்கான பிரேக் தூசி படிந்து மங்கித் தெரியும். 2001இல் வந்த இசட்06 வகைக்கு மட்டும் சிவப்பு வண்ணம் பூசிய காலிப்பர்களைத் தொழிற்சாலையே தந்தது. மற்ற சி5 உரிமையாளர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன: காலிப்பருக்கு வண்ணம் பூசலாம், அல்லது அதன் வெளிமுகத்தை மறைக்கும் அலங்கார கவரைப் பொருத்தலாம். வண்ணம் பூசினால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். கவரை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிட்டு, காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்த தோற்றத்திலேயே அடுத்தவருக்கு விற்கலாம். இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஒரு காருக்கு இது சிறிய நன்மையன்று.

கவர் பிரேக்கின் ஆற்றலை ஒரு துளியும் கூட்டாது. தவறாகப் பொருத்தினால் குறைக்கும், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆகவே இந்த வேலை முழுவதையும் ஒரே அளவுகோலால் மதிப்பிட வேண்டும்: கவர் காலிப்பரின் உடலோடு மட்டும் ஒட்டியிருக்க வேண்டும், டிஸ்க், பேட், காலிப்பரைப் பிடித்து நிறுத்தும் தாங்கி, பிரேக் குழாய், சக்கரம் ஆகிய எதையும் எந்த நிலையிலும் தொடக் கூடாது. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒன்றை உறுதி செய்வதற்காகவே எழுதப்பட்டவை.

முதலில் காலிப்பரைப் புரிந்துகொள்வது

சி5இன் காலிப்பர்கள் நகரும் வகையைச் சேர்ந்தவை. முன்சக்கரத்தில் இரண்டு பிஸ்டன்களும் பின்சக்கரத்தில் ஒரு பிஸ்டனும் டிஸ்கின் உட்பக்கத்தில் மட்டுமே இருக்கின்றன. பெடலை மிதித்ததும் பிஸ்டன் உட்பக்கப் பேடை டிஸ்கின் மீது தள்ளுகிறது. அதன் எதிர்விசையால் காலிப்பரின் உடல் முழுவதும் ஸ்லைடு பின்கள் எனப்படும் வழுக்குத் தண்டுகளின் மீது உள்நோக்கி நகர்ந்து, வெளிப்பக்கத்தில் வளைந்திருக்கும் விரல் போன்ற பகுதியால் வெளிப்பக்கப் பேடை இழுத்து அழுத்துகிறது. கவர் மறைக்கப் போவது அந்த விரல்களின் முகத்தைத்தான். தாங்கியோ அசையாமல் நிற்கிறது. எனவே கவரின் பிடிப்பான் ஒரு முனையில் உடலையும் மறுமுனையில் தாங்கியையும் கவ்விக்கொண்டால், நகர வேண்டிய உறுப்பை நகராத உறுப்போடு கட்டிப்போட்டதாகிவிடும். பேட் ஒரு பக்கமாகத் தேயும், டிஸ்க் ஓயாமல் உரசிச் சூடாகும், பெடலின் உணர்வும் கெடும்.

இந்த அமைப்பிலிருந்து இன்னொரு விளைவும் பிறக்கிறது. வெளிப்பக்கப் பேட் தேயத் தேயக் காலிப்பர் உடல் உள்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அதாவது ஆரக்காலுக்கும் காலிப்பருக்கும் இடையிலான இடைவெளி மெல்ல மெல்லக் கூடும். புதிய பேட் போட்ட நாளில் அந்த உடல் மீண்டும் வெளியே வந்துவிடும். தேய்ந்த பேடோடு அளந்து, இடம் தாராளமாக இருக்கிறதென்று கவரை மாட்டியவருக்கு, ஆறு மாதம் கழித்துப் பேட் மாற்றிய அன்று சக்கரத்திலிருந்து உரசும் சத்தம் கேட்பது இதனால்தான். பொருத்தும் முறை பற்றிய குறிப்புத்தாள்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

எந்தக் கவரை வாங்கலாம்

சந்தையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, அந்தந்தக் காரின் காலிப்பரை அளந்து வெட்டிய அலுமினியத் தகட்டுக் கவர். தூள் பூச்சு ஏற்றி, துருப்பிடிக்காத எஃகுப் பிடிப்பான்களால் பொருத்துவது. இரண்டாம் வகை, உயர்வெப்ப சிலிக்கான் பசையால் ஒட்டுவது. மூன்றாம் வகை, எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும் பிளாஸ்டிக் கவர்.

மூன்றாம் வகையை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவற்றில் பெரும்பாலானவை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கால் ஆனவை, அந்தப் பிளாஸ்டிக் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். மலைச் சரிவில் ஒரு முறை இறங்கினாலே காலிப்பர் அந்த வெப்பத்தைத் தாண்டிவிடும். இளகிய கவர் சரிந்து சக்கரத்துக்கும் காலிப்பருக்கும் இடையே சிக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பசையால் ஒட்டும் வகை தன்னளவில் தவறானதன்று. ஆனால் ஒட்டும் பரப்பில் ஒரு துளி எண்ணெய் எஞ்சியிருந்தாலும் பிடிப்பு நம்பத்தக்கதாக இராது, கழற்றும்போது சுரண்டியெடுக்கவும் வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டி முதல் வகையையே எடுத்துக்கொள்கிறது.

வாங்கும்போது காரின் ஆண்டை மட்டும் சொல்லாமல், சக்கரங்கள் காரோடு வந்தவையா என்பதையும் விற்பவரிடம் சொல்ல வேண்டும். சி5இன் சாதாரண வகைக்கு முன்னால் 17 அங்குல விட்டமும் 8.5 அங்குல அகலமும், பின்னால் 18 அங்குல விட்டமும் 9.5 அங்குல அகலமும் கொண்ட ரிம்கள் வந்தன; இசட்06 ரிம்கள் ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் கூடுதல் அகலமானவை. ஆயினும் அகலத்தைவிட ஆரக்காலின் பின்முகம் எவ்வளவு குழிந்திருக்கிறது என்பதே இங்கே முக்கியம். வெளிச்சந்தையில் வாங்கிய ரிம் என்றால் எந்தப் பட்டியலையும் நம்பாமல் நீங்களே அளப்பதுதான் முறை.

கருவிகள்

தரைமட்ட ஜாக் ஒன்று, ஜாக் ஸ்டாண்டுகள் இரண்டு, சி5 சட்டத்தின் துளையில் அமரும் ஜாக் வில்லைகள் நான்கு, சக்கரத் தடுப்புக் கட்டைகள், 19 மி.மீ. சாக்கெட், நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச், பிரேக் கிளீனர், கம்பித் தூரிகை, பழைய துணி, குழந்தைகள் விளையாடும் களிமண், வெர்னியர் அளவி, கண்ணாடி, கையுறை ஆகியவை வேண்டும். களிமண்ணைப் பார்த்துத் தயங்க வேண்டாம். இந்த வேலையில் அதைவிட நம்பகமான அளவுகருவி வேறில்லை.

காரை உயர்த்துதல்

சி5ஐ உயர்த்துவது மற்ற கார்களை உயர்த்துவது போன்றதன்று. இந்தக் காருக்கு உதிரிச் சக்கரமும் கிடையாது, ஜாக்கும் கிடையாது. காற்று இறங்கினாலும் ஓடக்கூடிய டயர்களை நம்பி அவற்றை விட்டுவிட்டார்கள். (இசட்06க்கு அந்த டயர்களும் இல்லை, காற்று நிரப்பும் கருவிதான் வந்தது.) எனவே உரிமையாளர்கள் பலருக்குக் காரை எங்கே தாங்க வேண்டும் என்பதே பழக்கமில்லாமல் போயிற்று.

வெளியே தெரியும் உடற்பகுதிகள் கூட்டுப்பொருளால் ஆனவை. கதவுக்குக் கீழே ஓடும் ஓரப் பலகையில் ஜாக்கை வைத்தால் அது விரிசல் விட்டு உடையும். சுமையைத் தாங்க வேண்டியது அதற்குச் சற்று உள்ளே ஓடும் எஃகுச் சட்டம். முன்சக்கரத்துக்குப் பின்னாலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும் அந்தச் சட்டத்தின் அடியில் நீள்வட்டத் துளைகள் இருக்கின்றன. காரை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காக விடப்பட்டவை அவை. ஜாக் வில்லையை அந்தத் துளைக்குள் நுழைத்துத் திருப்பிப் பூட்டினால், ஜாக்கின் தலை ஓரப் பலகையைத் தொடாமல் வில்லையின் மீது மட்டும் அமரும்.

சமதளமான சிமென்ட் தரையில் காரை நிறுத்த வேண்டும். ஜாக் அடியில் நுழையவில்லையென்றால், ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள பலகைகளின் மீது சக்கரங்களை ஏற்றி நிறுத்தினால் போதிய இடம் கிடைக்கும். முன்சக்கரங்களில் வேலை செய்யும்போது பின்சக்கரங்களுக்குத் தடுப்புக் கட்டை வைத்து, கைபிரேக்கையும் போட வேண்டும். பின்சக்கரங்களில் வேலை செய்யும்போது முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கைபிரேக்கைத் தளர்த்த வேண்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்கப் போகிறோம் என்பதே காரணம். சி5 எல்லாவற்றிலும் பின்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் இருப்பதால், ஒரு பின்சக்கரம் தரையில் இருக்க மற்றதை மட்டும் தூக்கினால் அது எளிதில் சுழலாது. இரண்டு பின்சக்கரங்களையும் சேர்த்தே உயர்த்த வேண்டும்.

இந்தச் சட்டம் மிகவும் விறைப்பானது. ஒரு பக்கத்தின் முன்துளையில் தூக்கினாலே அந்தப் பக்கத்துப் பின்சக்கரமும் மேலெழத் தொடங்குவதைப் பார்க்கலாம். திடுக்கிட வேண்டாம், ஆனால் கட்டைகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்பதை அந்தக் கணத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். தூக்கியவுடன் ஜாக் ஸ்டாண்டை வைத்துக் காரின் எடையை அதன் மீது இறக்கிவிட வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ காரின் அடியில் விடவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றுதல்

கார் தரையில் இருக்கும்போதே ஐந்து நட்டுகளையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டு, உயர்த்திய பிறகு முழுமையாகக் கழற்ற வேண்டும். அலுமினிய ரிம், சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால், டயரின் பக்கவாட்டில் உள்ளங்கையால் மாறி மாறித் தட்டினால் விடுபடும். எந்தச் சக்கரம் எந்தப் பக்கத்தது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்வது நல்லது.

சக்கரம் வந்தவுடன் டிஸ்கைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் போட்ட பிடிவளையங்கள் முதல் பழுதுபார்ப்பிலேயே கழன்றிருக்கும் என்பதால், டிஸ்க் ஹப்பின் மீது தளர்ந்து சாய்ந்து நிற்கும். டிஸ்க் சாய்ந்தால் காலிப்பரும் அதோடு நகர்ந்து, எடுக்கும் அளவுகள் பொய்யாகும். இரண்டு நட்டுகளை வாஷரோடு கையால் முறுக்கி டிஸ்கை ஹப்போடு ஒட்டி நிறுத்திய பிறகே மேற்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

இடைவெளியை அளத்தல்

கவரைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே, ஏன், வாங்குவதற்கு முன்பேகூட, இந்த அளவை எடுத்துவிடலாம். காலிப்பரின் வெளிமுகத்தைத் துடைத்துவிட்டு, அதன் மிக உயர்ந்த மூன்று நான்கு இடங்களில் எலுமிச்சை அளவுக்குக் களிமண்ணை உருட்டி ஒட்ட வேண்டும். ரிம்மோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் களிமண்ணின் மீது ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் தடவலாம். அந்த எண்ணெய் டிஸ்கிலும் பேடிலும் படவே கூடாது. பின்பு டிஸ்கைப் பிடித்திருந்த நட்டுகளை எடுத்துவிட்டுச் சக்கரத்தை மாட்டி, ஐந்து நட்டுகளையும் மிதமாக இறுக்கி, கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஆரக்கால்கள் களிமண்ணை எவ்வளவு தூரம் அழுத்திச் சீவுகின்றனவோ, எஞ்சிய கனமே உண்மையான இடைவெளி. சக்கரத்தைக் கழற்றி, டிஸ்கைப் பிடிக்கும் இரண்டு நட்டுகளையும் மறுபடி முறுக்கிவிட்டு, வெர்னியரின் ஆழமுள்ளால் களிமண்ணைத் துளைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போது வெளிப்பக்கப் பேடின் உராய்வுப் பொருள் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, புதிய பேடில் அது 10 மி.மீ. கனமாக இருந்து, இப்போது 4 மி.மீ. மட்டுமே மீதியிருந்தால், காலிப்பர் உடல் புதிய பேடோடு இருக்க வேண்டிய இடத்திலிருந்து 6 மி.மீ. உள்ளே போயிருக்கிறது. களிமண் காட்டிய இடைவெளி 16 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து அந்த 6 மி.மீ.ஐக் கழிக்க, மிஞ்சுவது 10. கவரின் முகம் காலிப்பரிலிருந்து 5 மி.மீ. வெளியே நிற்குமானால், கடைசியில் இருப்பது 5 மி.மீ. இந்தக் கடைசி எண் 3 மி.மீ.க்குக் குறையுமானால் அந்தக் கவரை அந்தச் சக்கரத்தோடு பொருத்தக் கூடாது என்பது நான் விடாமல் கடைப்பிடிக்கும் எல்லை. வளைவுகளில் வேகமாகத் திரும்பும்போது ரிம்மும் பேரிங்கும் சிறிது நெகிழும். காலிப்பரும் சூட்டில் விரியும். அவற்றுக்கெல்லாம் இடம் வேண்டும்.

ஆரக்காலின் பின்முகத்தில் ஒட்டப்பட்டிருக்கும் சமநிலை எடைகளையும் மறக்கக் கூடாது. என் காரில் கவர்கள் ஓராண்டுக்கு மேல் எந்தத் தொல்லையும் தராமல் இருந்தன. பிறகு டயர் மாற்றிய ஒரு கடையில் ரிம்மின் உட்புறம் ஒட்ட வேண்டிய எடைகளை ஆரக்காலுக்கு நேர் பின்னால், காலிப்பரின் மேல்முகத்துக்கு எதிரே ஒட்டிவிட்டார்கள். கடையைவிட்டு வெளியே வந்த முதல் திருப்பத்திலேயே கடகடவென்ற சத்தம். இரண்டு எடைகள் பிய்ந்து போய், கவரின் பூச்சில் நீளமாகக் கீறல் விழுந்திருந்தது. அன்றிலிருந்து, டயர் வேலைக்கு விடும்போது எடைகளை எங்கே ஒட்டலாம் என்று ரிம்மின் உட்புறத்தில் குறியிட்டே கொடுக்கிறேன்.

தூய்மை செய்தல்

களிமண்ணை முழுவதும் எடுத்துவிட்டு, காலிப்பரின் வெளிமுகத்தையும் பிடிப்பான் கவ்வும் விளிம்புகளையும் பிரேக் கிளீனரால் ஈரமாக்கித் துடைக்க வேண்டும். பிரேக் தூசியை உலர்ந்த தூரிகையாலோ காற்றழுத்தத்தாலோ பறக்கவிடக் கூடாது. அது நுரையீரலுக்குக் கேடு. இந்த நிலையில் ஸ்லைடு பின்களின் ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா, பிஸ்டன் பக்கம் திரவக் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். கோளாறு எதையேனும் கண்டால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கவர் அதுவரை காத்திருக்கலாம். பழுதான காலிப்பரை மூடி மறைப்பது கவரின் வேலையாகிவிடக் கூடாது.

பொருத்துதல்

நான்கு கவர்களில் எது முன்னுக்கு, எது பின்னுக்கு, எது இடம், எது வலம் என்று தரையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் பிடிப்பான் இல்லாமலே கவரைக் காலிப்பரின் முகத்தில் கையால் வைத்து, ஆடாமல் படிந்து அமர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆடினால் வார்ப்பில் உள்ள சிறு பிசிறோ எஞ்சிய துருவோதான் பெரும்பாலும் காரணம். அதை அரத்தால் மெல்லத் தேய்த்தெடுக்கலாம், ஆனால் காலிப்பரின் உலோகத்தை அறுக்கக் கூடாது.

பிடிப்பான்கள் பொதுவாகக் காலிப்பரின் முதுகில் உள்ள திறப்பின் வழியாகவோ, அதன் விளிம்பைச் சுற்றியோ வளைந்து உடலைக் கவ்வும். கவ்வும் இடம் காலிப்பரின் உடல்தானா, தப்பித் தவறிப் பேடின் முதுகுத் தகடோ தாங்கியோ சிக்கியிருக்கிறதா என்பதைக் கண்ணாடி வைத்துப் பின்புறத்திலும் பார்க்க வேண்டும். மடக்கும் நாக்கு கொண்ட பிடிப்பானாக இருந்தால், அதை ஒரே முறையில், சரியான கோணத்தில் மடக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு வளைக்க வளைக்க இறுகி, கடைசியில் முறியும். அந்த முறிவு ஓட்டத்தின் நடுவில்தான் நிகழும். ஒரு முறை நிமிர்த்திய பிடிப்பானை மறுபடியும் பயன்படுத்தாமல் புதியது வாங்குவதே சரி. திருகு வைத்த பிடிப்பான் என்றால், நடுத்தர வலிமையுள்ள நீல நிறத் திருகுப் பசையை ஒரு சொட்டு இட்டு இறுக்க வேண்டும். திருகு அதிர்வில் தானாகக் கழலாமல் அது தடுக்கும். ஆனால் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் அதன் பிடி தளரும் என்பதால், திருகின் இறுக்கத்தை அவ்வப்போது பார்ப்பதைக் கைவிடக் கூடாது.

பொருத்தியபின் கவரின் இரு முனைகளையும் பிடித்து வலுவாக இழுத்தும் திருகியும் பார்க்க வேண்டும். சிறிதளவு ஆட்டமும் இருக்கக் கூடாது. பிடிப்பானின் முனை டிஸ்கின் விளிம்பிலிருந்து போதிய தூரத்தில் இருக்க வேண்டும். பிரேக் திரவத்திலிருந்து காற்றை வெளியேற்றும் பிளீடர் திருகையும் பேடின் கனத்தைப் பார்க்கும் இடத்தையும் அடைக்கக் கூடாது. முன்சக்கரங்களில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பி, பிரேக் குழாயோ சென்சார் கம்பியோ பிடிப்பானில் உரசவில்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

இனி டிஸ்கைப் பிடித்திருந்த இரண்டு நட்டுகளையும் எடுத்துவிட்டு, கவரின் உயர்ந்த இடங்களில் சிறிதளவு களிமண் வைத்துச் சக்கரத்தை மாட்டி, முன்பு செய்த சோதனையை ஒரு முறை கூடச் செய்ய வேண்டும். முதலில் களிமண் காட்டிய இடைவெளியிலிருந்து கவர் வெளியே நிற்கும் அளவை மட்டும் கழித்து வரும் எண்ணும் (மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 16 - 5 = 11 மி.மீ.) இப்போது அளக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் கவர் சரியாக அமரவில்லை என்று பொருள்.

சக்கரத்தை இறுக்கி ஓட்டிப் பார்த்தல்

களிமண்ணை நீக்கி, ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துலக்கிய பிறகு சக்கரத்தை மாட்டி, ஐந்து நட்டுகளையும் கையால் முடுக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும். காரைத் தரையில் இறக்கியபின் டார்க் ரெஞ்சால் ஒவ்வொன்றையும் 100 அடி-பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 136 நியூட்டன் மீட்டருக்கு, முடுக்க வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கியால் இறுக்கினால் அலுமினிய ரிம் சீராக அமராது, டிஸ்கும் கோணலாகலாம்.

காரை நகர்த்தும் முன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து அது உறுதியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அளக்கும்போதோ துடைக்கும்போதோ காலிப்பர் சற்று தள்ளப்பட்டிருந்தால், முதல் மிதியில் பெடல் தரை வரை போய்விடும். அதை வாசலிலேயே கண்டுகொள்வதுதான் நல்லது. பிறகு ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், ஜன்னலை இறக்கிவிட்டு, மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஓட்டி, இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். உரசல் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கேட்கவில்லையென்றால், சில கிலோமீட்டர் ஓட்டி மிதமாக ஏழெட்டு முறை பிரேக் பிடித்துவிட்டுத் திரும்பி, ஆறிய பிறகு கவரை ஆட்டிப் பார்க்க வேண்டும். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் வீல் நட்டுகளை மறுபடியும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்க வேண்டும்.

வெப்பம் பற்றி

காலிப்பரின் மீது எதை மூடினாலும் அதன் மேற்பரப்பில் ஓடும் காற்று குறையும். சாதாரணச் சாலை ஓட்டத்தில் இதனால் தொல்லை வருவதில்லை. பந்தயத் தடத்தில் கதை வேறு. சி5க்கு உரிய டாட் 3 பிரேக் திரவத்தின் கொதிநிலைக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு, புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 140 டிகிரி மட்டுமே. திரவம் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் பெடல் பஞ்சுபோல அமுங்கும், கார் நிற்காது. எனவே தடத்தில் ஓட்டும் நாளுக்கு முன்பு நான்கு கவர்களையும் கழற்றிவிடுவது கட்டாயம். நீண்ட மலை இறக்கங்களுக்கும் இதையே சொல்வேன். கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைச்சாலையில் இறங்கும் கார்களைப் பாதி வழியில் நிறுத்தி, பிரேக்கின் வெப்பத்தை அளந்து, மிகுந்திருந்தால் ஆறும்வரை காத்திருக்கச் செய்கிறார்கள். மற்ற மலைச்சாலைகளில் அப்படி நிறுத்திச் சொல்ல ஆள் இருக்கமாட்டார். அங்கெல்லாம் தாழ்ந்த கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்க வேண்டும். டாட் 3 திரவத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் கவர் வைத்திருப்பவருக்கு மற்றவரைவிட அவசியம்.

பராமரிப்பு

கவரைக் கழுவ வீரியமுள்ள அமிலச் சக்கரக் கழுவியைப் பயன்படுத்தினால் தூள் பூச்சு மங்கிவிடும். கார் கழுவும் சாதாரணச் சோப்பு போதும். ஓடி வந்த சூட்டோடு தண்ணீர் பீய்ச்சக் கூடாது. கவருக்கும் காலிப்பருக்கும் நடுவே தூசியும் குளிர்நாட்டுச் சாலை உப்பும் தங்கும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை டயர்களைப் பார்க்கும் சாக்கில் கவரைக் கழற்றி உட்புறத்தைக் கழுவி, புதிய பிடிப்பானோடு மாட்டலாம். பேட் மாற்றும் நாளில் மெக்கானிக்கிடம் கவர் இருப்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்; புதிய பேடோடு காலிப்பர் வெளியே வந்திருக்கும் அந்த நிலையில், சக்கரத்தை மாட்டுவதற்கு முன் களிமண் சோதனையை இன்னொரு முறை செய்து, 3 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்த பிறகே காரை வெளியே எடுக்க வேண்டும்.